புதுச்சேரிக்கு எத்தனை ஆட்டோ போதும்?

சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு நேரு வீதி முனையில் நின்று ஒரு ஆட்டோ பிடித்துப் பாருங்கள். பெங்களூரிலிருந்து வந்த நாலு பேர் உங்களுக்கு முன்னால் நிற்பார்கள். அவர்கள் யோசிக்காமல் ஒத்துக்கொள்ளும் தொகைக்கு மேல் நீங்கள் ஒரு ரூபாய் சொல்ல முடியாது. அதே முனைக்குச் செவ்வாய்க்கிழமை பகல் மூன்று மணிக்கு வாருங்கள். வரிசையில் நிற்கும் பாதி வண்டிகளில் டிரைவர் பின்சீட்டில் காலை மடக்கித் தூங்கிக்கொண்டிருப்பார். எழுப்பினால் வருவார், ஆனால் எழுப்ப ஆளில்லை.

இன்னும் ஆட்டோ, டாக்சிக்குப் பெர்மிட் கொடுக்கலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் சனிக்கிழமையைப் பார்த்தவர் 'கொடு' என்கிறார், செவ்வாய்க்கிழமையைப் பார்த்தவர் 'வேண்டாம்' என்கிறார். இருவர் சொல்வதும் உண்மைதான். ஒரே ஊருக்குள் இரண்டு ஊர் இருக்கிறது. மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது, விடியற்காலை நாலரை மணி ஊர். அதைப் பற்றி இரு தரப்பும் வாய் திறப்பதில்லை. எனக்கு அதில்தான் அக்கறை, ஏனென்றால் அம்மாவை மாதம் ஒருமுறை முத்தியால்பேட்டையிலிருந்து கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனைக்கு அந்த நேரத்தில்தான் அழைத்துப் போகிறேன். ஸ்கூட்டரில் பின்னால் உட்காரும் வயது அவருக்குத் தாண்டிவிட்டது.

முடிவெடுப்பது யார்?

வேறு ஊர்களில் இந்தச் சண்டை நகரசபையில் நடக்கும். கவுன்சிலர்கள் கத்துவார்கள், டிரைவர்கள் வாசலில் நிற்பார்கள். புதுச்சேரியில் கத்துவதற்குக் கவுன்சிலரே கிடையாது. 1968க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2006இல் ஒரு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதில் வந்தவர்களின் காலம் 2011இல் முடிந்தது. அதற்குப் பின் நகராட்சி அதிகாரிகள் கையில்தான் இருக்கிறது. கடலூர் இந்த விஷயத்தில் தேவலை. 2021இல் மாநகராட்சியானது, மேயர் இருக்கிறார், வார்டுக்கு ஒரு ஆள் இருக்கிறார், போய்ச் சண்டை போடலாம்.

ஆனால் கவுன்சிலர் இருந்தாலும் பெர்மிட் அவர் பையில் இல்லை. அது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி போக்குவரத்து ஆணையத்தின் வேலை. அந்தச் சட்டத்தின் போக்கே 'கொடு' என்பதுதான். 80ஆம் பிரிவு, பெர்மிட் கேட்டு வரும் விண்ணப்பத்தைச் சாதாரணமாக மறுக்கக் கூடாது என்கிறது. எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைக்க வேண்டுமானால் 74ஆம் பிரிவுக்குப் போக வேண்டும். மத்திய அரசு சொல்ல வேண்டும், ஊரின் மக்கள்தொகை ஐந்து லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 2011 கணக்குப்படி புதுச்சேரி நகராட்சியில் இரண்டரை லட்சத்துக்கும் சற்றுக் குறைவு, உழவர்கரை நகராட்சியில் மூன்று லட்சம். இரண்டையும் ஒரே ஊர் என்று எண்ணினால்தான் அந்தக் கோட்டைத் தாண்ட முடியும். உழவர்கரை எங்கே முடிகிறது, புதுச்சேரி எங்கே தொடங்குகிறது என்று லாஸ்பேட்டையில் நின்று எவராலும் சொல்ல முடியாது என்பது வேறு கதை.

நகராட்சிக்கு இதில் ஒரு பிடி இருக்கிறது. ஸ்டாண்டு எங்கே போடுவது என்பதில் உள்ளாட்சி அமைப்பைக் கலந்து பேச வேண்டும் என்று 117ஆம் பிரிவு சொல்கிறது. உண்மையில் தெருவில் நடக்கும் சண்டையும் ஸ்டாண்டுச் சண்டைதான். பெர்மிட் வைத்திருப்பவருக்கெல்லாம் ஸ்டாண்டில் இடம் கிடைப்பதில்லை. ஸ்டாண்டில் 'நம்பர்' இருந்தால்தான் முறைவைத்துச் சவாரி. புது வண்டிக்காரர் பஸ் ஸ்டாண்டு வாசலில் சும்மா நிறுத்திப் பார்க்கட்டும், பத்து நிமிடத்தில் பாடம் கற்றுக்கொள்வார்.

இருப்பதே போதும் என்பவர்கள்

எங்கள் பக்கத்து ஸ்டாண்டில் ஒரு அண்ணன் இருக்கிறார். வயது ஐம்பத்தைந்து இருக்கும். அவரிடம் இந்தப் பேச்சை எடுத்தால் விரலை மடக்கிக் கணக்குப் போடுவார். "இருபது வண்டி நிக்கிற எடத்துல நாளைக்கு நூறு சவாரின்னு வெச்சுக்க. ஆளுக்கு அஞ்சு. இன்னும் பத்து வண்டி விட்டா சவாரி நூத்தம்பது ஆயிடுமா? மிஞ்சிப்போனா நூத்தி இருபது. ஆளுக்கு நாலு. அந்த அஞ்சாவது சவாரிதாம்பா வீட்டுக்குப் போறது."

இதில் குறை காண முடியாது. வண்டிக் கடனுக்கு டியூ, இன்சூரன்ஸ், எஃப்.சி., பெட்ரோல் எல்லாம் முதல் நாலு சவாரியிலேயே போய்விடும், வீட்டுக்கு வருவது கடைசிச் சவாரி. ஆகவே பெர்மிட்டை நிறுத்து என்பது பேராசைக்காரர்களின் கோரிக்கை அல்ல. சாலையும் இந்தப் பக்கம் சாட்சி சொல்கிறது. மகாத்மா காந்தி வீதியில் மாலை நேரத்தில் இன்னொரு வண்டியை எங்கே விடுவது? கடற்கரைச் சாலையில் மாலையானால் வண்டியே விடுவதில்லை, அந்த நெரிசலையும் பக்கத்துத் தெருக்கள்தான் தாங்குகின்றன.

ஆனால் எண்ணிக்கையைப் பூட்டிவைத்தால் பின்னாளில் என்ன ஆகும் என்பதற்கு உலகத்திலேயே பெரிய உதாரணம் நியூயார்க். 1937இல் அங்கே டாக்சி எண்ணிக்கைக்குச் சட்டம் போட்டு வரம்பு வைத்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அது 11,787 என்று நின்றது. 1990களின் நடுப்பகுதிவரை அதே எண்தான். நகரம் வளர்ந்தது, எண் வளரவில்லை. டாக்சி மேல் ஒட்டும் உரிம வில்லை ஒரு சொத்தாக மாறியது. 2014 வாக்கில் ஒரு வில்லையின் விலை பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. வண்டிக்கல்ல, வண்டி ஓட்டும் உரிமைக்கு. அதை வாங்கக் குடியேறி வந்த டிரைவர்கள் வீட்டை அடகு வைத்தார்கள். அப்புறம் ஆப் கார்கள் வந்தன. வில்லையின் விலை ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்தது. கடன் மட்டும் விழவில்லை. 2021இல் டிரைவர்கள் நகர மன்றத்துக்கு எதிரே உண்ணாவிரதம் இருந்த பிறகுதான் நகர நிர்வாகம் கடனைக் குறைக்க வழிசெய்தது.

நியூயார்க் தூரம் என்பவர்களுக்கு டெல்லி இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 1997இல் ஆட்டோ எண்ணிக்கையை நிறுத்தி வைத்தது, காற்று மாசு காரணமாக. நல்ல நோக்கம்தான். 2011இல் ஒரு லட்சம் வரை போகலாம் என்று தளர்த்தியது. இடைப்பட்ட காலத்தில் லாபம் டிரைவருக்குப் போகவில்லை, பைனான்சியருக்குப் போனது. ஷோரூம் விலையைப் போல இரண்டு மூன்று மடங்கு கொடுத்தால்தான் பெர்மிட்டோடு வண்டி கிடைக்கும் என்ற நிலை. ஓட்டுபவர் தினம் வாடகை கட்டும் கூலியாள் ஆனார்.

பூட்டுவதால் ஆதாயம் யாருக்கு என்று நம் அண்ணனிடம் கேட்டேன். "பெர்மிட் வெச்சிருக்கவனுக்கு" என்றார். அவருடைய வண்டி யார் பெயரில் என்று கேட்டேன். சிரித்துவிட்டு டீ சொன்னார். வண்டி வேறொருவருடையது, இவர் நாள் வாடகைக்கு ஓட்டுகிறார்.

புதுச்சேரிக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு, இது டெல்லிக்கு இல்லாதது. நம் ஊரைப் பூட்ட நினைத்தாலும் கதவு இல்லை. முத்தியால்பேட்டையிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம் போனால் கோட்டக்குப்பம், தமிழ்நாடு. ஜிப்மரைத் தாண்டினால் தமிழ்நாடு. தெற்கே முள்ளோடை தாண்டினால் கடலூர் மாவட்டம். காலாப்பட்டு பல்கலைக்கழகத்துக்குப் போகிற மாணவன் புதுச்சேரியில் ஏறித் தமிழ்நாட்டுக்குள் போய்த் திரும்பப் புதுச்சேரியில் இறங்குகிறான். ஆரோவில்லுக்கு என்று கேட்கும் சுற்றுலாக்காரருக்கு அது பெரும்பாலும் விழுப்புரம் மாவட்டம் என்பதே தெரியாது. இப்படி இருக்க, இங்கே பெர்மிட்டை நிறுத்தினால் அங்கே பதிவான வண்டி வரும், வந்து இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஆள் ஏற்றும். ஏற்றக் கூடாது என்று ஸ்டாண்டில் சண்டை நடக்கும். இப்போதே நடக்கிறது.

திறந்துவிடு என்பவர்கள்

இவர்களுக்கு டப்ளின் கதை பிடிக்கும். அயர்லாந்தின் தலைநகரில் டாக்சி உரிமத்துக்குப் பல ஆண்டுகள் பூட்டு. 2000இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு அதை உடைத்தது. சுமார் 2,700 டாக்சி இருந்த ஊரில் சில ஆண்டுகளில் எண்ணிக்கை மூன்று மடங்கைத் தாண்டியது. மழையில் நின்று காத்துக்கிடந்த மக்களுக்கு வண்டி கிடைத்தது. அது உண்மையான நன்மை, குறைத்துச் சொல்லக் கூடாது.

கதையின் இரண்டாம் பாதியை இவர்கள் சொல்வதில்லை. ஆயிரக்கணக்கில் கொடுத்து உரிமம் வாங்கியிருந்தவர்களின் முதலீடு ஒரே இரவில் செல்லாக்காசு ஆனது. நொடித்துப்போனவர்களுக்கு உதவ அரசு தனிக் குழுவே அமைக்க வேண்டிவந்தது. எல்லாம் போக, வண்டி பெருகிச் சவாரி போதாமல் 2010இல் மறுபடி கதவைச் சாத்தினார்கள், சக்கர நாற்காலி ஏறும் வண்டிக்கு மட்டும் புது உரிமம் என்று. இந்தக் கடைசி வரி எனக்கு மிகவும் பிடித்தது. பின்னால் திரும்ப வருகிறேன்.

உண்மையில் நம் ஊரில் திறப்பு ஏற்கெனவே பாதி நடந்துவிட்டது. 2018 அக்டோபரில் மத்திய அரசு பேட்டரி வண்டிகளுக்குப் பெர்மிட்டே வேண்டாம் என்று அறிவித்தது. பச்சைத் தகட்டில் மஞ்சள் எழுத்தோடு ஓடும் எலெக்ட்ரிக் ஆட்டோவுக்குப் பெர்மிட் என்ற தொல்லை இல்லை. ஆக, பெட்ரோல் ஆட்டோவுக்குப் பெர்மிட் கூடாது என்று போராடி வென்றாலும், பக்கத்துச் சந்தில் எலெக்ட்ரிக் ஆட்டோ புறப்பட்டுவிடும். எண்ணிக்கையைப் பற்றி மட்டும் சண்டை போடுகிறவர்கள் இதை எப்படிக் கணக்கில் விட்டார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

திறந்துவிட்டால் கட்டணம் தானாகக் குறையும் என்ற வாதத்தை நான் நம்பவில்லை. இருபது பேர் நூறு சவாரியைப் பிரித்த இடத்தில் முப்பது பேர் பிரிக்கும்போது, ஒவ்வொருவரும் ஒரு சவாரியில் கூடுதலாகப் பிடுங்கத்தான் பார்ப்பார்கள். மீட்டர் ஓடாத ஊரில் போட்டி விலையைக் குறைப்பதில்லை, சுற்றுலாக்காரரைத் துரத்தும் வேகத்தைத்தான் கூட்டுகிறது. ரயில் நிலைய வாசலில் பெட்டியோடு இறங்கிப் பாருங்கள்.

ஆப் வழி

மீட்டர் பிரச்சினைக்கு ஆப் ஒரு பதில். ஏறும் முன்பே தொகை தெரியும், பேரம் இல்லை. பெண்கள் தனியாகப் போகும்போது வண்டி எங்கே இருக்கிறது என்று வீட்டில் இருப்பவர் பார்க்கலாம். என் தங்கை இதற்காகவே ஆப் பக்கம். "அண்ணா, நீ பேரம் பேசுவ, நான் எதுக்குப் பேசணும்?" என்று அவள் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

எதிர்ப்பக்கக் கணக்கும் எளிது. நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. சொந்த வண்டி வைத்திருப்பவருக்குக் கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதமாவது போக வேண்டும் என்று மத்திய அரசின் 2025 வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. அதே நெறிகள்தான் கூட்டமான நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்குவரை வசூலிக்கலாம் என்றும் சொல்கின்றன. 2020இல் இது ஒன்றரை மடங்காக இருந்தது. அப்படியானால் சனிக்கிழமை மாலை ஆட்டோக்காரர் இரண்டு மடங்கு கேட்டால் கொள்ளை, ஆப் கேட்டால் தொழில்நுட்பமா? எனக்கு இந்த வேறுபாடு விளங்கவில்லை.

நமக்கு உகந்த ஒப்பீடு கோவா. அதுவும் ஐரோப்பியர் ஆண்ட கடற்கரை, அதுவும் சனி ஞாயிறில் பிழைக்கும் இடம். அங்கே உள்ளூர் டாக்சிக்காரர்கள் பெரிய ஆப் நிறுவனங்களை உள்ளே விடவில்லை. அரசு 2018இல் கோவாமைல்ஸ் என்று உள்ளூர் ஆப் ஒன்றைச் சுற்றுலாக் கழகத்தின் வழியே கொண்டுவந்தது. அதையும் சங்கங்கள் எதிர்த்தன. கேரளம் 2022இல் கேரள சவாரி என்று அரசு ஆப்பையே தொடங்கியது. அதே ஆண்டு பெங்களூரில் நம்ம யாத்ரி என்று ஒன்று டிரைவர் சங்கத்தின் துணையோடு வந்தது. சவாரிக்குச் சவாரி கமிஷன் பிடிக்காமல், நாளுக்கு ஒரு சிறு தொகை வாங்கும் முறை அது. இந்தக் கடைசி முறை நம் ஊர் ஸ்டாண்டுகளுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஆப் இல்லாமல் ஸ்டாண்டு நாளைக்குப் பிழைக்காது. கமிஷன் ஆப்புக்குள் போனால் ஸ்டாண்டே இருக்காது.

ஷேர் ஆட்டோ மாதிரி பலரை ஏற்றிப்போகும் டெம்போவையும் வாடகை ஸ்கூட்டரையும் சொல்லாமல் விட முடியாது. டெம்போதான் இந்த ஊரின் உண்மையான டாக்சி, சில்லறைக் காசுக்குப் பகல் முழுவதும் மக்களை இழுக்கிறது, ஆனால் இரவில் ஓய்ந்துவிடும். கறுப்புத் தகட்டில் மஞ்சள் எழுத்து ஸ்கூட்டர்கள் சுற்றுலாக்காரரை ஆட்டோவிலிருந்து பிரித்துக்கொண்டு போய்விட்டன. அறுபது வயதுக்கு மேல் இருப்பவருக்கு இரண்டாலும் பயனில்லை.

நான் எந்தப் பக்கம்

கூடுதல் பெர்மிட் கொடுக்கலாம் என்பதே என் பக்கம். ஆனால் எதற்குக் கொடுக்கிறோம் என்பதைப் பெர்மிட்டிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். ஆண்டுக்குக் கொஞ்சமாக, ஓட்டுபவர் பெயரில் மட்டும், ஆளுக்கு ஒன்று. விற்க முடியாது. ஓட்டுவதை நிறுத்தினால் துறைக்குத் திரும்பிவிட வேண்டும். அப்போதுதான் நியூயார்க் வில்லை மாதிரி அது சொத்தாக மாறாது, பைனான்சியர் கைக்கும் போகாது. வாரத்தில் இரண்டு நாளாவது விடியற்காலை முறை பார்க்க வேண்டும் என்பதும் நிபந்தனை. ஒரு பகுதி பெர்மிட் சக்கர நாற்காலி ஏற்றக்கூடிய வண்டிக்கு மட்டும். ஜிப்மர் இருக்கும் ஊரில், இன்றைக்கும் நாற்காலியிலிருந்து நோயாளியைத் தூக்கித்தான் ஆட்டோவில் திணிக்கிறோம்.

சனிக்கிழமை கூட்டத்துக்கு நிரந்தரப் பெர்மிட் தேவையில்லை. திருவிழா, சீசன் போன்ற தேவைகளுக்குத் தற்காலிகப் பெர்மிட் தரச் சட்டத்தின் 87ஆம் பிரிவிலேயே இடம் இருக்கிறது. வீராம்பட்டினம் தேருக்கும் புத்தாண்டு இரவுக்கும் கோட்டக்குப்பம், கடலூர் வண்டிகளை இரு அரசும் பேசி முறையாக உள்ளே விடலாம். திங்கட்கிழமை அவர்கள் தங்கள் ஊரில் இருப்பார்கள், செவ்வாய்க்கிழமை ஸ்டாண்டு அண்ணனின் ஐந்தாவது சவாரி பத்திரமாக இருக்கும்.

இதில் ஓட்டை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆளுக்கு ஒரு பெர்மிட் என்றால் மைத்துனர் பெயரில் ஒன்று, மாமியார் பெயரில் ஒன்று என்று வாங்க நம் ஆட்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. விடியற்காலை முறைக்கு வந்தாரா என்று நாலரை மணிக்கு எந்த அதிகாரி வந்து பார்ப்பார்? ஆப் பதிவில் தெரியும் என்பார்கள். ஆப்பை ஆன் செய்துவிட்டுத் தூங்கவும் முடியும்.

விடியற்காலைச் சிக்கல் ஆட்டோக்காரரின் மனசு சம்பந்தப்பட்டது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். போன மாதம் ஒருவர் ஐந்தாறு கிலோமீட்டருக்கு நானூறு ரூபாய் கேட்டார். கோபத்தில் ஏதோ சொல்லிவிட்டேன். அவர் அமைதியாகச் சொன்னார்: "சார், இந்நேரத்துக்கு எல்லாரும் கோரிமேட்டுக்குத்தான் போறாங்க. திரும்பி வர ஒருத்தர் கிடையாது. காலி வண்டிக்கும் பெட்ரோல் வேணும்ல." யோசித்தால் சரிதான். விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் வந்து இறங்குபவர்கள் எல்லோரும் ஓ.பி. சீட்டுக்காக ஒரே திசையில் போகிறார்கள். நண்பகலில் எல்லோரும் எதிர்த்திசையில். எத்தனை பெர்மிட் கொடுத்தாலும் இந்தக் காலி ஓட்டம் மாறாது. அதற்கு அந்த நேரக் கட்டணத்தை அரசே கொஞ்சம் கூட்டி அச்சடித்து ஒட்ட வேண்டும், அல்லது பஸ் ஸ்டாண்டிலிருந்து ஜிப்மருக்கு நாலு மணி முதல் டெம்போ விட வேண்டும். நான் இரண்டாவதையே கேட்பேன், அம்மா ஆட்டோவைத்தான் கேட்பார்.

அன்றைக்கு அந்த நானூறில் ஐம்பதைக் குறைத்துக்கொண்டார். ஜிப்மர் வாசலில் இறக்கிவிட்டு, என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார். "அடுத்த தடவ முந்தின நாளே சொல்லிடுங்க சார். உங்க தெருவுல வேற யாராச்சும் வர்றாங்களான்னும் கேட்டு வைங்க." அடுத்த தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார், அவருக்கும் வியாழக்கிழமை ஓ.பி.தான். இரண்டு பேருக்கும் சேர்த்து நானூறு என்று பேசியிருக்கிறோம். பெரியவர் நடைக்கோலை எங்கே வைப்பது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.